அந்த மூன்று வினாடியை ஓடவிடாதீர்கள்

சிறுகதை எழுத ஆரம்பிப்பவர்கள் பலர் பஸ் பயணத்துக்கு இரண்டு பக்கம் ஒதுக்குகிறார்கள். பன்னிரண்டு வருஷம் கழித்து அப்பா திரும்பி வந்து வீட்டு வாசலில் நிற்கும் இடத்துக்கோ, "கதவைத் திறந்தாள், அதிர்ச்சியில் உறைந்தாள்" என்று ஒரே வரி. படிக்கும்போது எனக்கு மனசு ஆறுவதில்லை. கதவு திறக்கும் அந்த மூன்று வினாடியில்தானே கதையே இருக்கிறது!

சினிமாவில் வினாடிக்கு 48 ஃபிரேம் (தனித்தனிப் படம்) எடுத்து, 24 வீதம் ஓட்டினால் ஒரு வினாடி இரண்டாக நீளும். எழுத்திலும் கூடுதலாகப் பார்த்தால்தான் நேரம் நீளும். "மிக, பெரும், கடும்" என்று அடைமொழி சேர்த்தால் நீளாது.

இப்படி எழுதிப் பாருங்கள்:

"தாழ்ப்பாள் பாதியில் சிக்கியது. இடது கையால் கதவை அழுத்திக்கொண்டு மறுபடி இழுத்தாள். இடுக்கில் முதலில் செருப்பு தெரிந்தது. வலது வாரைச் சணல் கயிறு போட்டுக் கட்டியிருந்தது. உள்ளே குக்கர் இரண்டாவது விசில் அடித்தது. அவள் நிமிரவில்லை. 'பாப்பா' என்றது குரல்."

அதிர்ச்சி என்ற சொல்லே இல்லை. குக்கர் சத்தமும் அறுந்த வாரும் அதைச் சொல்லிவிடுகின்றன. எழுதும் முன் கண்ணை மூடி, கை எதைத் தொடுகிறது, காதில் என்ன விழுகிறது, கண் முதலில் எங்கே போகிறது என்று பாருங்கள். அந்த வரிசையிலேயே, சின்னச் சின்ன வாக்கியமாக இறக்குங்கள். பாத்திரம் அப்போது கவனிக்க முடியாததைத் திணிக்க வேண்டாம்.

ஒரு சிறுகதைக்கு இப்படி ஓர் இடம், மிஞ்சினால் இரண்டு. பஸ் பயணத்துக்கு "மறுநாள் காலை ஊர் வந்தது" போதும்.