இதய மாத்திரையை மறுத்த நோயாளி: ஐசிடி-10 கோட் போடுவது எப்படி?

அமெரிக்க மருத்துவமனை சார்ட்டில் "பேஷன்ட் மருந்தை மறுத்துவிட்டார்" என்று ஒரு வரி இருக்கும். ஐசிடி-10 (நோய்களையும் சிகிச்சைச் சூழலையும் குறியீடாக்கும் முறை) கோடிங் பழகும் புதியவர்கள் உடனே ஓர் இசட் (Z) கோட், அதாவது நோயல்லாத சூழ்நிலையைக் குறிக்கும் கோட், போட்டுவிட்டு அடுத்த சார்ட்டுக்குப் போய்விடுகிறார்கள். எப்போது மறுத்தார் என்று முதலில் பாருங்கள்.

படி 1: டாக்டர் புதிதாகப் பரிந்துரைக்கும்போதே வேண்டாம் என்றால், அது நடக்காத சிகிச்சை. மத நம்பிக்கை காரணமென்றால் இசட்53.1, வேறு காரணமென்றால் இசட்53.29, காரணம் எழுதப்படவில்லை என்றால் இசட்53.20. அதோடு முடிந்தது.

படி 2: சாப்பிட்டுவந்த மாத்திரையைத் தானாக நிறுத்தினாலோ குறைத்தாலோ அது அண்டர்டோசிங் (பரிந்துரைத்த அளவைவிடக் குறைவாக எடுப்பது). மருந்தின் வகையைப் பார்த்து டி (T) கோட் எடுக்க வேண்டும்.

லிசினோப்ரில்: டி46.4எக்ஸ்6ஏ
லோசார்டன்: டி46.5எக்ஸ்6ஏ
மெட்டோப்ரோலால்: டி44.7எக்ஸ்6ஏ
அடோர்வாஸ்டாடின்: டி46.6எக்ஸ்6ஏ
ஃபுரோசமைட்: டி50.1எக்ஸ்6ஏ
க்ளோபிடோக்ரல்: டி45.526ஏ

கடைசி எழுத்துக்கு முன்னால் உள்ள 6தான் அண்டர்டோசிங்கைக் காட்டுவது. அங்கே கைதவறி 5 விழுந்தால், சரியாகச் சாப்பிட்ட மருந்தே பக்கவிளைவு தந்தது என்று கிளெய்ம் (காப்பீட்டுக்கு அனுப்பும் கட்டணக் கோரிக்கை) சொல்லும், அர்த்தமே தலைகீழ்.

படி 3: காரணத்துக்கு ஒரு கோட். பணமில்லாமல் வேண்டுமென்றே விட்டால் இசட்91.120, வேறு காரணத்துக்காக வேண்டுமென்றே விட்டால் இசட்91.128. முதுமைத் தளர்ச்சியால் தவறவிட்டால் இசட்91.130, வேறு வகையில் மறந்துபோனால் இசட்91.138. மருந்து முறையை வேறு வகையில் பின்பற்றாததைக் குறிக்கும் இசட்91.14 மட்டும் போட்டால் கிளெய்ம் திரும்பி வரும்; 2023 அக்டோபர் 1 முதல் அது இசட்91.141, இசட்91.148 என்று பிரிந்துவிட்டது.

படி 4: வரிசை. அண்டர்டோசிங் கோட் ஒருபோதும் முதலில் வராது. மருந்தை விட்டதால் மோசமான நோய்தான் முதலில். ரத்த அழுத்தமும் இதயச் செயலிழப்பும் உள்ளவர், பக்கவிளைவுக்குப் பயந்து லிசினோப்ரிலை நிறுத்தி மூச்சுத்திணறலோடு வருகிறார் என்று வையுங்கள். நாள்பட்ட சிஸ்டாலிக் செயலிழப்பு திடீரென முற்றியது என டாக்டர் எழுதியிருந்தால்:

ஐ11.0, ஐ50.23, டி46.4எக்ஸ்6ஏ, இசட்91.128

ஐ11.0 (I) என்பது ரத்த அழுத்தத்தோடு சேர்ந்த இதயச் செயலிழப்பு, ஐ50.23 அந்தச் செயலிழப்பின் வகை; ஐ50.23ஐ முதலில் வைப்பதுதான் புதியவர்கள் அதிகம் செய்யும் பிழை.

சார்ட்டில் "நான்-கம்ப்ளையன்ட்" (மருந்தைச் சொன்னபடி எடுக்காதவர்) என்று மட்டும் இருந்தால் காரணத்தை ஊகிக்காதீர்கள், டாக்டருக்கு க்வெரி (விளக்கம் கேட்கும் கேள்வி) அனுப்புங்கள். "பணமில்லாததால்தானே?" என்று பதிலைக் கேள்வியிலேயே வைத்து அனுப்பினால் ஆடிட்டில் நிற்காது.

சிகிச்சையின் தர அளவீட்டுக்கு சிபிடி (மருத்துவச் சேவைகளுக்கான கோட் தொகுப்பு) இரண்டாம் வகைக் கோட் கேட்டால், அந்த அளவீடு அனுமதிக்கும் இடத்தில் மட்டும், பீட்டா பிளாக்கருக்கு (மெட்டோப்ரோலால் போன்றவை) 4008எஃப் உடன் 2பி (2P) மாடிஃபயர், அதாவது கோடின் பொருளை மாற்றும் ஒட்டு, சேர்க்கலாம். மருந்து தராததற்கு நோயாளி தரப்புக் காரணம் என்று பொருள். கட்டணம் பூஜ்யம். சாஃப்ட்வேர் பூஜ்யத்தை ஏற்காவிட்டால் ஒரு சென்ட் போடுவது வழக்கம்.