மானுக்கு .243 துவக்கா? சன்னத்தைப் பார்த்து வாங்குங்கள்

யாழ்ப்பாணத்தில் இருந்து எழுதுவதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இலங்கையில் மான் வேட்டை சட்டப்படி குற்றம். இந்தக் குறிப்பு கனடாவின் ஒன்ராறியோ பக்கம் உரிமம் எடுத்து வேட்டைக்குப் போகும் நம் பிள்ளைகளுக்கு. விடுமுறைக்கு வந்து நிற்கும் மருமகனும் மானுக்கு .243 துவக்குப் போதுமா என்றுதான் கேட்டான்.

1955இல் வந்த .243 வின்செஸ்டர் ரவை (தோட்டா) மானுக்குப் போதும். உதைப்புக் குறைவு என்பதால் புதிதாகச் சுடுபவரும் பயமில்லாமல் குறி வைக்கலாம். ஆனால் சன்னம் சரியாக இருக்க வேண்டும். 55 முதல் 75 கிரெய்ன் (சன்னத்தின் எடை அளவு) வரையுள்ளவை பெரும்பாலும் நரி போன்ற சிறு பிராணிகளுக்குச் செய்தவை. உள்ளே உள்ள ஈயத்தை மூடும் உலோக உறை மெல்லியது, மானின் தோள் எலும்பில் பட்டால் ஆழம் போகாமல் சிதறிவிடும். காயத்தோடு ஓடும் மான் எங்கோ பற்றைக்குள் கிடந்து வதைபடும். அந்தப் பாவம் நமக்கு வேண்டாம்.

95 அல்லது 100 கிரெய்ன் மென்முனைச் சன்னம் எடுங்கள். 100 கிரெய்ன் என்பது சுமார் ஆறரை கிராம். நுனியில் ஈயம் வெளியே தெரியும்; உள்ளே போய் விரிந்து நுரையீரலைத் தாக்கும். நுனிவரை உறை மூடிய இராணுவ வகை விரியாது, அதைத் தொடவே வேண்டாம். இறைச்சி சமைத்துப் பிள்ளைகளுக்குக் கொடுப்பதென்றால் முழுச் செப்புச் சன்னம் இன்னும் நல்லது, ஈயத்துகள் கலக்காது. அதில் 80, 85 கிரெய்னே போதும், உடையாமல் ஆழம் போகும்.

அப்புறம், வேட்டைக்குக் கொண்டுபோகும் அதே ரவையால் துவக்கின் குறியைச் சரிபாருங்கள். கிரெய்ன் மாறினால் சன்னம் படும் இடமும் மாறும்.