பழைய பிஎச்பி தளத்தை லாரவெலுக்கு மாற்றும்போது எங்கே சொதப்பும்?

பழைய பிஎச்பி ஆப்பைத் தூக்கிப் போட்டுவிட்டு மொத்தத்தையும் லாரவெல் என்ற பிஎச்பி ஃபிரேம்வொர்க்கில் திரும்ப எழுதக்கூடாது என்பது இப்போது பல டீம்களுக்குத் தெரியும். முன்னால் என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வரை வைத்து, ஒவ்வொரு யூஆர்எல்லாகப் புதிய பக்கம் திருப்பிவிடுகிறார்கள். வழி சரிதான். புதிய கோடில் இருக்கும் பிழை பெரும்பாலும் டெஸ்டிங்கிலேயே மாட்டிவிடும். பழையதும் புதியதும் பங்கு போட்டுக்கொள்ளும் டேட்டாபேஸ், செஷன் (லாகின் ஆனவரை நினைவில் வைக்கும் பதிவு), நேரம், கிரான் (குறித்த நேரத்தில் தானாக ஓடும் வேலை) ஆகியவற்றில் வரும் பிழைதான் மாதக்கணக்கில் சத்தமில்லாமல் கிடக்கும்.

தமிழ்ப் பெயர், முகவரி சேமிக்கும் ஆப் என்றால் முதல் அடி எழுத்துக் குறியீட்டில் விழும். பல பழைய ஆப்களில் மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸின் டேபிளும் லேட்டின்1 (மேற்கு ஐரோப்பிய எழுத்துகளுக்கான பழைய குறியீட்டு முறை), இணைப்பும் லேட்டின்1. உள்ளே போவதோ தமிழ் உட்பட எல்லா மொழிகளுக்குமான யுடிஎஃப்-8 முறையின் பைட்டுகள். போன வழியே திரும்பி வருவதால் பிரவுசரில் தமிழ் ஒழுங்காகத் தெரியும். லாரவெல் யுடிஎஃப்8எம்பி4 (மைஎஸ்க்யூஎல்லில் முழு யுடிஎஃப்-8-இன் பெயர்) இணைப்பில் படித்ததும், மேலே கோடு போட்ட சின்ன ‘ஏ’யும் வட்டத்துக்குள் ‘ஆர்’ குறியுமாகக் கொட்டும். உடனே ‘கன்வர்ட் டு கேரக்டர் செட்’ கட்டளையை ஓட்டிவிடாதீர்கள். அது அந்தக் குப்பையைத்தான் பத்திரமாக யுடிஎஃப்-8 ஆக்கிவைக்கும். நெடுவரிசையை முதலில் அதே அளவுள்ள வார்பைனரியாக (வெறும் பைட் வகை) மாற்றி, பிறகு யுடிஎஃப்8எம்பி4 வார்கேராக (எழுத்து வகை) மாற்ற வேண்டும்.

இதிலும் ஒரு சிக்கல் உண்டு. ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு 3 பைட். 255 அளவுள்ள லேட்டின்1 நெடுவரிசையில் 85 குறியீடுதான் அடங்கும். உயிர்மெய்க்குத் துணைக்குறி தனிக்கணக்கு என்பதால் எழுத்துகள் அதைவிடக் குறைவு. ஆங்கிலமும் கலந்த நீளமான முகவரி பாதி எழுத்தில் அறுபட்டிருந்தால், இரண்டாவது படி பிழை சொல்லி நின்றுவிடும். அந்த வரிகளை முன்கூட்டியே தேடி, கடைசியில் தொங்கும் பைட்டுகளை வெட்டிவிடுங்கள். மாற்றுகிற அதே நிமிடத்தில் பழைய ஆப்பின் இணைப்பையும் யுடிஎஃப்8எம்பி4-க்குத் திருப்ப வேண்டும். விட்டால் அங்கே வெறும் கேள்விக்குறிகள்தான் வரும்.

லாரவெலின் மைஎஸ்க்யூஎல் இணைப்பு இயல்பாகவே ஸ்ட்ரிக்ட் மோடில் (தவறான மதிப்பை ஏற்காமல் பிழை சொல்லும் நிலை) இருக்கும். பழைய டேபிளில் நாள் ‘0000-00-00’ என்று இருந்தால் இடிக்கும். ஸ்ட்ரிக்டை அணைப்பது சோம்பேறி வைத்தியம். அந்த நாள்களை நல் (null, மதிப்பு இல்லை) ஆக மாற்றிவிடுவதே மேல்.

கடவுச்சொல்லை மறைத்துவைக்கும் பழைய முறையான எம்டி5-க்காக அதன் நெடுவரிசை 32 எழுத்தில் இருக்கும். லாரவெல் பயன்படுத்தும் பிகிரிப்ட் முறைக்கோ 60 எழுத்து. ஸ்ட்ரிக்ட் இல்லாத பழைய ஆப் அதை எழுதினால் சத்தமில்லாமல் வெட்டப்படும். அந்தப் பயனர் அதன்பின் உள்ளே வரவே முடியாது. முதலில் அந்த நெடுவரிசையை 255 ஆக்குங்கள், மற்றது பிறகு.

செஷனில் டீம்கள் வீணாக்கும் நேரம் கொஞ்சநஞ்சமல்ல. லாரவெல் தன் குக்கிகளை என்கிரிப்ட் செய்கிறது. பழைய பிஎச்பி செஷன் குக்கி அப்படி வராததால், பிரித்துப் பார்க்க முடியாமல் நல் என்று தந்துவிடும். அந்தக் குக்கியின் பெயரை என்கிரிப்ஷன் விலக்குப் பட்டியலில் சேர்த்தால் தீர்ந்தது. லாகின் கடைசிவரை பழையதிலேயே இருக்கட்டும். செஷனை ரெடிஸ் (நினைவகத்தில் இயங்கும் டேட்டா ஸ்டோர்) போன்ற பொது இடத்தில் வைத்து, புதியது படிக்க மட்டும் செய்யட்டும், அதுவும் ஒவ்வொரு ரிக்வெஸ்டிலும். ஒருமுறை படித்துத் தனியாக வைத்துக்கொண்டால், பழையதில் லாக்அவுட் ஆனவர் புதியதில் உள்ளேயே இருப்பார். இது பாதுகாப்பு ஓட்டை.

நேரம்: லாரவெலின் இயல்பு யுடிசி (உலகப் பொது நேரம்), பழைய ஆப் ஏசியா/கொல்கத்தா (இந்திய நேரம்). அதே டேபிளில் புதியது எழுதும் பதிவுகள் 5:30 மணி பின்தங்கும். காலை 5:30-க்கு முன் வந்த ஆர்டர் முந்தைய நாள் கணக்கில் போய் உட்காரும். பழையது ஓய்வு பெறும்வரை இரண்டையும் ஒரே நேர மண்டலத்தில் வையுங்கள்.

கிரான் வேலையை லாரவெல் ஷெட்யூலருக்கு மாற்றிய அன்றே பழைய கிரான்டேப் வரியை எடுத்துவிட வேண்டும். மறந்தால் வாடிக்கையாளருக்கு ஒரே எஸ்எம்எஸ் இரண்டு முறை போகும்.

கடைசியாக, அழிப்பது. ஆக்சஸ் லாகில் ஒரு மாதம் யாரும் தொடவில்லை என்பதற்காகப் பழைய ஃபைலை நீக்காதீர்கள். மார்ச் 31-க்குப் பிறகு மட்டும் கணக்குப் பிரிவு திறக்கும் ரிப்போர்ட்டாக அது இருக்கலாம்.