கிளப் கத்தி டிசைன் பண்றப்போ கமிட்டிக்காரங்க பண்ற தப்புகள்

கிளப் கத்தின்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு முதல்ல சொல்லிடறேன். அமெரிக்காவுல பேனாக்கத்தி சேர்க்கிறவங்க ஊருக்கு ஊர் கிளப் வச்சிருக்காங்க, நம்ம ஊர்ல ஸ்டாம்ப், பழைய காசு சேர்க்கிறவங்க மாசத்துக்கு ஒரு ஞாயித்துக்கிழமை கூடுவாங்களே, அதே மாதிரிதான். வருஷா வருஷம் கிளப் பேர்ல ஒரு மடக்குக் கத்தி ஆர்டர் குடுத்து செய்ய வச்சு, வருஷம், நம்பர் எல்லாம் போட்டு மெம்பர்களுக்கு விப்பாங்க. நான் வேலைக்குன்னு இங்க வந்து, பக்கத்து வீட்டுத் தாத்தா கூட்டிட்டுப் போனாருன்னு ஒரு கிளப்ல சேர்ந்து, கடைசியில டிசைன் கமிட்டியில 4 வருஷம் மாட்டிக்கிட்டேன். அதுல நாங்க பண்ணின தப்பு, மத்த கிளப்காரங்க பண்ணி நான் கண்ணால பார்த்த தப்பு எல்லாம் சேர்த்துத்தான் இது.

எல்லாத்துக்கும் மேல வர்ற தப்பு, கத்தியை கல்யாணப் பத்திரிகை மாதிரி நினைக்கிறது. பிடியில கிளப் சின்னம் போட்ட ஷீல்டு (பிடிக்குள்ள பதிக்கிற குட்டி உலோகத் தகடு), பிளேடுல கிளப் பேரு, அதுக்குக் கீழ "வருடாந்திர நினைவுக் கத்தி", அதுக்கும் கீழ வருஷம், போல்ஸ்டர்ல, அதாவது பிடியோட முனையில இருக்கிற உலோகப் பூண்ல, பூ வேலை, இன்னொரு போல்ஸ்டர்ல நம்பர், பின்னாடி ஸ்பிரிங்ல ஆரம்பிச்ச வருஷம்... கமிட்டியில 6 பேர் இருந்தா ஆளுக்கு ஒண்ணு கேப்பாங்க, யாரையும் நோகடிக்கக் கூடாதுன்னு எல்லாத்தையும் போட்டுடுவோம். ஸ்டாக்மேன்னு ஒரு மாடல் இருக்கு, மாடு மேய்க்கிறவங்களுக்குன்னு வந்த 3 பிளேடு கத்தி, மடிச்சா பல மாடல் 3 5/8 இன்ச்தான், அதாவது 9 சென்டிமீட்டர் கொஞ்சம் கூட. அதுல ரெண்டு பக்கமும் போல்ஸ்டர் போக எலும்புப் பிடி மிச்சம் இருக்கிறது நம்ம கட்டைவிரல் நீளம். அதுல எத்தனையைத்தான் திணிப்பீங்க?

இதுக்கு நான் கண்டுபிடிச்ச வைத்தியம் ரொம்ப சிம்பிள். டிசைனை நிஜ சைஸ்ல பிரிண்ட் எடுங்க, கத்தரியால வெட்டுங்க, ஒரு அட்டையில ஒட்டி உள்ளங்கையில வச்சுப் பாருங்க. லேப்டாப்ல ஒரு முழம் நீளத்துக்குப் பார்க்கிறப்போ கழுகோட ஒவ்வொரு இறகும் தெரியும், ஷீல்டு நிஜத்துல சுண்டுவிரல் நகம் சைஸ், அதுல கழுகு நசுங்கின கொசு மாதிரிதான் இருக்கும். எங்க முதல் வருஷ சின்னத்துல ஒரு மலை, ஒரு ஆறு, ஒரு பாலம், அதுமேல ஒரு ரயில் இருந்துச்சு. அட்டையில வெட்டிப் பார்த்ததும் ரயில் போச்சு, பாலம் போச்சு, கடைசியில மலை மட்டும் நின்னுச்சு. இப்பவும் அதுதான் எங்க ஷீல்டு.

சின்னம் சின்னதா இருந்தா மதிப்பு குறைஞ்சிடும்னு பயப்படறவங்களுக்கு ரெமிங்டன்ங்கிற துப்பாக்கிக் கம்பெனியோட கதையைச் சொல்வேன். அவங்க 1920கள்ல பிடியில சின்னதா ஒரு துப்பாக்கி ரவை வடிவ ஷீல்டு பதிச்சு கத்தி வித்தாங்க, புல்லட் கத்தின்னு பேரு. 1982ல ஆர்1123ங்கிற பழைய மாடலை மறுபடி கொண்டுவந்தாங்க, செஞ்சு குடுத்தது கமிலஸ் கம்பெனி. அப்புறம் வருஷா வருஷம் மாடல் மாறும், ஆனா அந்த ரவை ஷீல்டு அப்படியே இருக்கும். மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்து பார்த்தாலே இது புல்லட்னு சொல்லிடலாம். இவ்வளவுக்கும் அது ஒரு சின்ன சமாச்சாரம், அவ்ளோதான்.

வருஷத்தை எங்க போடறதுங்கிறதும் அதே மாதிரிதான். சேகரிக்கிறவன் கத்தியைக் கையில வாங்கினதும் முதல்ல பார்க்கிறது பிளேடோட அடிக்கட்டையை, டாங்னு சொல்லுவாங்க, கம்பெனி முத்திரை அங்கதான் இருக்கும். கேஸ்ங்கிற கத்திக் கம்பெனிக்காரங்க 1970ல பேருக்குக் கீழ 10 புள்ளி வச்சு அடிச்சாங்க, அடுத்த வருஷம் 9, அதுக்கடுத்து 8ன்னு வருஷத்துக்கு ஒண்ணு குறைச்சுக்கிட்டே வந்தாங்க. அதை வச்சு இன்னிக்கும் கத்தி எந்த வருஷத்ததுன்னு ஒரு பூதக்கண்ணாடி இருந்தா சொல்லிடலாம். புள்ளி எண்ணுற கூட்டத்துக்கிட்ட போய் பிளேடு முழுக்க கொட்டை எழுத்துல வருஷம் எழுதிக் காட்டணுமா என்ன?

இன்னொண்ணு, பிளேடுல எட்ச் பண்றது. ஆசிட் இல்லன்னா லேசர் வச்சு மேலாப்புல எழுத்து போடறாங்களே அது. ஸ்டீல் 1095 மாதிரி கார்பன் ஸ்டீலா இருந்தா ஒரு ஆப்பிளை நறுக்கிட்டு துடைக்காம பத்து நிமிஷம் வச்சுப் பாருங்க, பிளேடு சாம்பல் நீலமா மாறிடும், எட்ச் அதுக்குள்ள மங்கிப்போயிடும். எடுத்து யூஸ் பண்றவங்களுக்கு அது அழகு, அவங்க அந்த நிறத்துக்காகவே கார்பன் ஸ்டீல் வாங்குவாங்க. அலமாரியில வச்சுப் பார்க்கிறவங்களுக்கு நெஞ்சுவலி. அதனால மெம்பர்கள்ல எத்தனை பேர் யூஸ் பண்ணுவாங்க, எத்தனை பேர் பெட்டியில வைப்பாங்கன்னு கேட்டுட்டு ஸ்டீல் முடிவு பண்ணுங்க. பெட்டிக்குத்தான் போகுதுன்னா ஸ்டெயின்லெஸ் போதும், சண்டை வேண்டாம். இன்னும் ஒரு சின்ன விஷயம், பிளேடைத் திறக்க நகம் வைக்கிற பள்ளம் இருக்கே, சில மாடல்ல அது பிளேடு நீளத்துல பாதிக்கு மேல ஓடும். எட்ச் வரையறவங்க அதை மறந்துட்டா முதல் வரியோட தலை வெட்டுப்பட்டுப் போகும். எழுத்து வர்ற பக்கமும் நகப்பள்ளம் இருக்கிற பக்கமாவே இருக்கணும், ஏன்னா எல்லாரும் அந்தப் பக்கம் தெரியற மாதிரிதான் கண்ணாடிப் பெட்டியில வைப்பாங்க. மறுபக்கத்துல போட்டா உங்க கிளப் பேரு வெல்வெட்டைப் பார்த்துக்கிட்டு கிடக்கும்.

பிடிக்கு வருவோம், இங்கதான் காசு அதிகமா கரையும். ஓட்டெடுப்புல "மான் கொம்பு"ன்னு போட்டா எப்பவும் ஜெயிக்கும். கத்தி உலகத்துல கொம்புன்னா அது நம்ம கடமான் கொம்புதான், சாம்பர் ஸ்டேக்னு சொல்லுவாங்க. மத்த மான் கொம்புல உள்ள பஞ்சு மாதிரி இருக்கும், கடமானுக்கு கெட்டி அதிகம், அதனால 100 வருஷத்துக்கு மேல இந்தியாவுல இருந்து போய்க்கிட்டே இருந்துச்சு. 1990களோட கடைசியில இந்தியா ஏற்றுமதியை நிறுத்தினதும் விலை ஏறிடுச்சு, பழைய ஸ்டாக்கை வச்சிருக்கிறவன் ராஜா. இங்க ஒரு கூட்டத்துல எழுந்து நின்னு, கடமான் எங்க ஊர் மலையில வருஷா வருஷம் கொம்பை உதிர்த்துட்டுப் போகும், காட்டுல கிடக்கிறதை எடுக்கிறதே சட்டப்படி தப்புன்னு சொன்னேன், எல்லாரும் என்னை ஏதோ தங்கச் சுரங்கத்துக்குப் பக்கத்து வீட்டுக்காரன் மாதிரி பார்த்தாங்க. விலையை விடுங்க, கணக்கைப் பாருங்க. 100 கத்தின்னா பக்கத்துக்கு ஒண்ணா 200 துண்டு வேணும். டிராப்பர்னு ரெண்டு நீள பிளேடு இருக்கிற மாடல் ஒண்ணு இருக்கு, அதுல பெரிசு மடிச்சா 4 1/8 இன்ச், அதுக்கு நீளமா, வளையாம, ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி மேடு பள்ளம் இருக்கிற துண்டு 200 வேணும்னா எவ்வளவு கொம்பைக் கழிச்சுப் போடணும்னு யோசிங்க. ஆகாதுன்னதும் செய்யறவங்க கிடைச்சதை மாட்டி விடுவாங்க, 12ஆம் நம்பர் ராஜா மாதிரி இருக்கும், 13ஆம் நம்பர் நாய் கடிச்ச எலும்பு மாதிரி இருக்கும். அப்புறம் 13ஆம் நம்பர்காரர் உங்களுக்கு ஃபோன் பண்ணுவாரு.

யானைத் தந்தம் பத்தி யாராவது பேச்சை எடுத்தா அப்பவே முடிச்சிடுங்க. சர்வதேச வியாபாரத்தை 1989லயே தடை பண்ண முடிவு எடுத்துட்டாங்க, அமெரிக்காவுல 2016ல விதியை இன்னும் இறுக்கிட்டாங்க. மஞ்சளான மைகார்ட்டா, அதாவது துணி, பேப்பரை பிசின்ல அழுத்திச் செய்யற பொருள், அதே மாதிரி இருக்கும், விரிசலும் விடாது.

செல்லுலாய்டுங்கிற பழைய காலத்து பிளாஸ்டிக் பிடி வேற கதை, அதுல விஷமமே இருக்கு. பழைய கத்திகள்ல கலர் கலரா, ஆமை ஓடு மாதிரி, உடைஞ்ச ஐஸ் மாதிரி மின்னும், பார்த்தா யாருக்கும் ஆசை வரும். ஆனா அது நைட்ரோசெல்லுலோஸ், வயசானா சிதைய ஆரம்பிச்சு அமில வாயு விடும். அது முதல்ல பிளேடைத்தான் தின்னும், அப்புறம் அதே பெட்டியில பக்கத்துல இருக்கிற நல்ல கத்தியையும் சேர்த்துத் தின்னும். எங்க கிளப்ல ஒருத்தர் அலமாரியில இப்படி ஒரு டிராயர் முழுக்க போச்சு. திறந்ததும் கற்பூர வாசனை, கோயில் மாதிரி இருக்குன்னு நினைச்சேன், அப்புறம்தான் பிளேடெல்லாம் பழுப்பா இருக்கிறது கண்ணுல பட்டுச்சு. நினைவுக் கத்திங்கிறது 50 வருஷம் ஒரு பெட்டியில கிடக்கப் போற பொருள், அதுக்குப் போய் இதைப் போடறது அநியாயம். அக்ரிலிக் போடுங்க, அதே மினுமினுப்பு. அப்படியே அந்த தோல் உறையையும் விட்டுடுங்க, கத்தியை மாசக்கணக்குல தோலுக்குள்ள வச்சா துரு வரும், பித்தளையில பச்சை பூக்கும். கூடவே பராமரிப்புச் சீட்டு ஒண்ணு வச்சா மினரல் ஆயில்னு எழுதுங்க, நான் முதல் வருஷம் என் கத்திக்கு வீட்ல இருந்த நல்லெண்ணெயைப் போட்டு ஆறு மாசத்துல அது பிசின் மாதிரி ஒட்டிக்கிச்சு, வெளிய சொல்ல வெக்கம்.

புதுசா ஒரு வடிவமே வரைஞ்சு தர்றோம்னு கிளம்பறதும் வழக்கமான தப்பு. 100 கத்திக்காக எந்தத் தொழிற்சாலையும் புது டை (பாகங்களை வெட்டி எடுக்கிற அச்சு) வெட்டாது, வெட்டினா அந்தச் செலவை 100 பேர் தலையில பங்கு போடணும். அவங்ககிட்ட ஏற்கனவே இருக்கிற ஃபிரேமை எடுத்துக்கிட்டு எந்த பிளேடு, எந்த எலும்பு, என்ன ஷீல்டுன்னு மாத்தி விளையாடுங்க, அதுலயே பத்து வருஷம் ஓட்டலாம். பார்லோ மாடல் ஒண்ணை மட்டும் சிபாரிசு பண்ணுவேன், அதுல போல்ஸ்டர் நீளம், பிடியில மூணுல ஒரு பங்கு கிட்ட வரும், பேரு அடிக்க இடம் தானா கிடைச்சிடும், பிளேடைக் கெடுக்க வேண்டாம்.

ஓட்டெடுப்பு பத்தியும் சொல்லணும். ஒரே சுத்துல 9 மாடல் போட்டா ஓட்டு சிதறிப்போய் 20 பேருக்குப் பிடிச்சது ஜெயிக்கும், மீதி 80 பேர் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்குவாங்க. ரெண்டு சுத்து வைங்க, ரெண்டாவதுல ரெண்டே ரெண்டு இருக்கட்டும். இன்னும் முக்கியம், ஓட்டு போடறது வேற, வாங்கறது வேற. கை தூக்கினவங்களை எண்ணி ஆர்டர் குடுத்த வருஷம் 31 கத்தி பொருளாளர் வீட்டு கட்டிலுக்கு அடியில கிடந்துச்சு, அடுத்த ஷோவுல பாதி விலைக்குத் தள்ளினோம், முழு விலை குடுத்து வாங்கினவங்க முகத்துல முழிக்க முடியல. முன்பணம் வாங்குங்க, தேதி போட்டு மூடுங்க, அத்தனைதான் செய்யுங்க. வெளிநாட்டு மெம்பர் இருந்தா அவங்க ஊர் சட்டத்தையும் ஒரு வார்த்தை கேளுங்க, பிரிட்டன்ல காரணம் இல்லாம வெளிய எடுத்துட்டுப் போகணும்னா லாக் இல்லாத மடக்குக் கத்தியா இருக்கணும், வெட்டற விளிம்போட நீளம் 3 இன்ச் தாண்டக் கூடாது. பெரிய டிராப்பர் பிளேடு பல நேரம் அதைத் தாண்டிடும்.

ப்ரூஃப், அதாவது செய்யறதுக்கு முன்னாடி சரிபார்க்க அனுப்பற டிசைன் பிரதி, அதைப் பார்க்கிறதுல நாங்க பட்ட அவமானத்தையும் சொல்லிடறேன். கமிட்டியில 5 பேர், எல்லாரும் ஃபோன்ல ப்ரூஃப் பார்த்து கட்டைவிரல் காட்டிட்டோம். கத்தி வந்துச்சு, பெட்டியைத் திறந்தோம், ரிட்டயர்டு டீச்சர் ஒருத்தர் கண்ணாடியை மூக்குக்கு இறக்கிப் பார்த்துட்டு ஒண்ணுமே பேசாம எட்ச் மேல விரலை வச்சாரு. கலெக்டர்ஸ்னு இங்கிலீஷ்ல எழுதறப்போ மேல ஒரு கொக்கி போடுவாங்களே, அது எஸ்ஸுக்கு அப்புறம் வரணும், எங்க கத்தியில முன்னாடி வந்துடுச்சு. அதாவது அத்தனை பேர் இருக்கிற கிளப் ஒரே ஒரு ஆளோட கிளப்பா ஆயிடுச்சு. 100 கத்தியிலயும். செஞ்சவங்க மேல தப்பே இல்ல, நாங்க குடுத்ததை அப்படியே போட்டிருக்காங்க. அதுக்கப்புறம் ப்ரூஃபை பேப்பர்ல எடுத்து, கமிட்டியிலேயே இல்லாத ஒருத்தரை விட்டு ஒவ்வொரு எழுத்தா சத்தமா படிக்கச் சொல்றது வழக்கமாச்சு.

கடைசியா சாம்பிள். ஒரு சாம்பிள் கையில வராம 100க்கு ஓகே சொல்லாதீங்க, காசு கூட ஆனாலும் பரவாயில்ல. சாயம் போட்ட எலும்பு ஃபோட்டோவுல ஒரு பச்சை, நேர்ல வேற பச்சை. பிளேடு நடுவுல உக்காருதா, மூடறப்போ முனை உள்ள இடிக்குதா, ஸ்பிரிங்குக்கும் தகட்டுக்கும் நடுவுல வெளிச்சம் தெரியுதான்னு ஜன்னல் பக்கம் தூக்கிப் பாருங்க. மூடற சத்தம் "டக்"னு கேக்கணும், "சொத்"னு கேக்கக் கூடாது. அதே சமயம் ஸ்பிரிங் ரொம்ப இறுக்கமாவும் ஆகக் கூடாது, சத்தம் நல்லா வரணும்னு முறுக்கி விட்டு, ஒரு வருஷம் பாதி மெம்பர்களுக்கு நகம் உடைஞ்சுது.

இந்த வருஷ சாம்பிள் போன மாசம் வந்துச்சு, ஒரு பிளேடு பார்லோ, பேரு போல்ஸ்டர்ல மட்டும், பிளேடு வெறுமை. கமிட்டியில யாரும் தொடறதுக்கு முன்னாடி எங்க கிளப்லயே மூத்தவரு, 84 வயசு, அவர் கையில குடுத்தோம். மேஜையில வச்சுத்தான் குடுத்தேன், கத்தியைக் கைக்குக் கை குடுக்கக் கூடாதுன்னு எங்க ஆச்சி பழக்கினது இன்னும் போகல. அவர் நகத்தை வச்சு ஒரே இழுப்புல திறந்தாரு, பையில இருந்து ஒரு ஆப்பிளை எடுத்து தோலைச் சீவ ஆரம்பிச்சாரு. பொருளாளர் "ஐயோ அது சாம்பிள்"னு கத்தறதுக்குள்ள பாதி ஆப்பிள் முடிஞ்சிருந்துச்சு.