முதிர்ந்த கன்ட்ரி பாடகர் ப்ளூஸ் ராக் பக்கம் திரும்பும்போது: அந்த ஆல்பங்களைக் கேட்கும் முறை

வில்லி நெல்சன் ‘மில்க் கவ் ப்ளூஸ்’ ஆல்பத்தை வெளியிட்ட 2000-ஆம் ஆண்டில் அவருக்கு வயது 67. ஸ்டீவ் எர்ல் தமது ‘டெர்ராப்ளேன்’ ஆல்பத்தை 2015 பிப்ரவரியில் கொண்டுவந்தபோது அவருக்கு அறுபது நிறைந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. ஹாங்க் வில்லியம்ஸ் ஜூனியர் 2022 ஜூன் மாதத்தில் ‘ரிச் ஒயிட் ஹாங்க்கி ப்ளூஸ்’ ஆல்பத்தைத் தந்தபோது அவருக்கு 73 வயது. மூவரும், அமெரிக்காவின் தென்பகுதியில் நாட்டுப்புறச் சாயலோடு வளர்ந்த கன்ட்ரி இசையில் பல பத்தாண்டுகள் நின்று பெயர் பெற்றவர்கள். புதிதாக எதையும் நிரூபிக்க வேண்டிய நிலையில் இல்லாத வயதில், அமெரிக்கக் கறுப்பின மக்களின் இசையான ப்ளூஸைக் கையில் எடுத்தவர்கள். இத்தகைய ஆல்பங்களை ஒருமுறை ஓடவிட்டு, கிட்டாரின் ஓசை தடித்திருக்கிறது, ட்ரம்ஸ் கனத்திருக்கிறது என்ற அளவில் பலர் நிறுத்திக்கொள்கிறார்கள். கன்ட்ரிக்குள் தொடக்கம் முதலே குடியிருந்த ப்ளூஸை அந்தப் பாடகர் எவ்வளவு தூரம் வெளியே கொண்டுவந்திருக்கிறார் என்பதே இங்கே கவனிக்க வேண்டிய விஷயம். அதைக் காதாலேயே அறிந்துகொள்ள முடியும்.

முதலில் புதிய ஆல்பத்தைத் தொடாதீர்கள். அந்தப் பாடகரின் பழைய பாடல்களிலிருந்தும், அவருக்கு முந்தைய பாடகர்களின் பாடல்களிலிருந்தும் தொடங்குங்கள். கன்ட்ரி இசையின் தந்தை என்று போற்றப்படும் ஜிம்மி ராட்ஜர்ஸ், மிசிசிப்பி மாநிலத்தில் ரயில் பாதைகளில் வேலை பார்த்தவர். 1927 முதல் அவர் பதிவுசெய்த ‘ப்ளூ யோடல்’ வரிசைப் பாடல்களின் அமைப்பு ப்ளூஸின் அமைப்பேதான். அவற்றில் ஒன்பதாவது பாடலில், 1930 ஜூலையில் லாஸ் ஏஞ்சலஸில், அவருக்குப் பக்கத்தில் ட்ரம்பெட் வாசித்தவர் லூயி ஆம்ஸ்ட்ராங். ஜூனியரின் தந்தை ஹாங்க் வில்லியம்ஸ் சீனியர் சிறுவனாக இருந்தபோது, அலபாமாவில் தெருவில் பாடிப் பிழைத்த ரூஃபஸ் பெய்ன் என்ற கறுப்பினக் கலைஞரிடம் இசை பழகினார்; 1947-இல் வெளிவந்த அவருடைய ‘மூவ் இட் ஆன் ஓவர்’ அப்பட்டமான பன்னிரண்டு பார் ப்ளூஸ். 1920-களில் இசைத்தட்டு நிறுவனங்கள் கறுப்பினத்தவரின் பதிவுகளை ஒரு பட்டியலிலும் தெற்கத்திய வெள்ளையரின் பதிவுகளை வேறொரு பட்டியலிலும் வைத்து விற்றன. அந்த வேலி கடைக்காரர்கள் போட்டது; பாடியவர்கள் பலர் அதை மதிக்கவே இல்லை. இந்த வரலாற்றைக் காதில் வாங்கிக்கொண்ட பிறகு புதிய ஆல்பத்துக்கு வந்தால், அது திடீர்த் திருப்பமாகத் தோன்றாது.

அடுத்ததாக, எண்ணக் கற்றுக்கொள்ள வேண்டும். பன்னிரண்டு பார் ப்ளூஸ் என்பது நான்கு தட்டுகள் கொண்ட பார்கள் பன்னிரண்டு சேர்ந்த ஒரு சுற்று. முதல் நான்கு பார்கள் ஆதார கார்டில் நிற்கும் (கார்டு என்பது சேர்ந்து ஒலிக்கும் சில ஸ்வரங்கள்; ஆதார கார்டு பாடலின் ஆதார ஸ்வரத்தின் மேலும், நான்காம், ஐந்தாம் கார்டுகள் அதிலிருந்து எண்ணி வரும் நான்காம், ஐந்தாம் ஸ்வரங்களின் மேலும் அமைபவை). ஐந்தும் ஆறும் நான்காம் கார்டுக்கு ஏறும். ஏழும் எட்டும் ஆதாரத்துக்குத் திரும்பும். ஒன்பதாவது ஐந்தாம் கார்டிலும் பத்தாவது நான்காம் கார்டிலும் வந்து, கடைசி இரண்டும் மீண்டும் ஆதாரத்தில் இறங்கும். வரிகளும் இதற்கு ஒத்தே அமையும்: ஒரு வரி, அதே வரி மறுபடியும், பிறகு அதற்கு விடையாக மூன்றாவது வரி. விரல்விட்டு எண்ணியபடி சில பாடல்களைக் கேட்டால், எண்ணாமலேயே ஐந்தாவது பாரில் கார்டு மாறப்போவது உங்களுக்குத் தெரிந்துவிடும். அதன் பிறகு, பாடகர் அந்த எதிர்பார்ப்பை எங்கே மீறுகிறார் என்பது பிடிபடத் தொடங்கும். பழைய ப்ளூஸ் பாடகர்கள், குறிப்பாக லைட்னின் ஹாப்கின்ஸ், தமக்குத் தோன்றிய இடத்தில் கார்டை மாற்றுவார்கள். பதினோரு பாரிலும் சுற்று முடியும், பதின்மூன்றரையிலும் முடியும். ஸ்டுடியோ ஒழுங்கில் பழகிய கன்ட்ரி பாடகர் ஒருவர் இந்தச் சுதந்திரத்தை ஏற்கிறாரா என்பது நல்ல சோதனை.

பாடலைக் கேட்கும்போது பாடகரின் குரலைச் சற்று ஒதுக்கிவைத்து, பாஸையும் (கீழ்ஸ்தாயியில் ஒலிக்கும் தந்தி வாத்தியம்) ட்ரம்ஸையும் மட்டும் ஒரு முழுச் சுற்றுக்குத் தொடர்ந்து கேளுங்கள். இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும்தான் செய்ய நேரமிருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள் என்பேன். வழக்கமான கன்ட்ரி நடையில் பாஸ் முதல் தட்டிலும் மூன்றாம் தட்டிலும் ஆதாரத்தையும் பஞ்சமத்தையும் மாற்றி மாற்றி மீட்டும். ஸ்நேர் ட்ரம் இரண்டிலும் நான்கிலும் மெல்ல விழும். ப்ளூஸின் ஷஃபிள் நடையிலோ ஒவ்வொரு தட்டும் உள்ளுக்குள் மூன்றாகப் பிரிந்து, அவற்றில் முதலாவதும் மூன்றாவதும் மட்டும் ஒலிக்கும். அதனால்தான் அது நொண்டி நடப்பதுபோல் அசைந்து செல்கிறது. ராக் பக்கம் சாயும்போது தட்டுகள் சமமாக இரண்டாகப் பிரிந்து, ட்ரம்ஸின் அடி நேராக விழும். மேலே கிட்டார் எவ்வளவு உறுமினாலும் கீழே தாளம் பழைய கன்ட்ரி நடையிலேயே இருந்தால், அந்த ஆல்பம் உடையை மட்டும் மாற்றியிருக்கிறது என்று கொள்ளலாம். அப்படிப்பட்ட ஆல்பங்கள் நிறையவே உண்டு. அவற்றில் நல்ல பாடல்கள் இருக்கலாம், ஆனால் ப்ளூஸ் இல்லை.

கிட்டாருக்கு வருவோம். கன்ட்ரியின் அடையாளமான பெடல் ஸ்டீல் கிட்டாரில், இசைக்கலைஞர் பெடல்களையும் முழங்கால் நெம்புகோல்களையும் அழுத்தித் தந்திகளின் சுருதியை மாற்றுகிறார். ஒரு கார்டு இன்னொரு கார்டாக வழுக்கிச் சென்று, சேர வேண்டிய ஸ்வரத்தில் துல்லியமாக நிற்கும். ப்ளூஸின் ஸ்லைடு கிட்டாரில், விரலில் மாட்டிய கண்ணாடிக் குழலோ உலோகக் குழலோ தந்தியின் மேல் உரசிச் செல்கிறது. அது பல நேரம் சாதாரண காந்தாரத்துக்கும் அந்தர காந்தாரத்துக்கும் நடுவில், எதிலும் முழுமையாக அமராமல் நிற்கும். ப்ளூஸின் வலி அந்த இடைவெளியில்தான் இருக்கிறது. புதிய ஆல்பத்தில் பெடல் ஸ்டீல் இருந்த இடத்தில் ஸ்லைடு வந்திருக்கிறதா, வந்திருந்தால் அது அந்த நடு இடத்தில் நிற்கத் துணிகிறதா என்று பாருங்கள். ஹார்மோனிகாவிலும் இதே வேறுபாடு உண்டு. எளிய கன்ட்ரி மெட்டுக்கு, பாடலின் சுருதி எதுவோ அதே சுருதி ஹார்மோனிகாவை எடுத்து வாசிப்பார்கள். ப்ளூஸ் வாசிப்பவர் ஜி சுருதிப் பாடலுக்கு சி சுருதி ஹார்மோனிகாவை எடுத்து, மூச்சை உள்ளிழுத்து ஸ்வரங்களை வளைப்பார். ஊதும் ஓசையைவிட இழுக்கும் ஓசை மேலோங்கியிருந்தால் அதுவே அடையாளம்.

குரலைப் பற்றிச் சொல்ல ஒரே பாடலின் மூன்று பதிவுகளை எடுத்துக்கொள்கிறேன். வில்லி நெல்சன் 1950-களின் இறுதியில் டெக்சஸின் ஹூஸ்டனில் இருந்தபோது எழுதிய பாடல் ‘நைட் லைஃப்’. கன்ட்ரிபோல் இல்லை என்று அப்போதைய இசைத்தட்டு நிறுவனம் அதை ஏற்க மறுத்தது. பணமுடையில் அதன் உரிமையை அவர் 150 டாலருக்கு விற்றார். கன்ட்ரி பாடகர் ரே பிரைஸ் 1963-இல் அதைப் பாடியபோது பட்டி எம்மன்ஸின் பெடல் ஸ்டீல் அந்தப் பாடலைத் தாங்கியது. முதலில் அதைக் கேளுங்கள்: குரல் தட்டோடு ஒட்டி, நிதானமாக, ஒரு மேடைப் பாடகரின் கண்ணியத்துடன் செல்லும். இரண்டாவதாக, ப்ளூஸ் பாடகரும் கிட்டார் கலைஞருமான பி.பி. கிங் 1967-இல் வந்த ‘ப்ளூஸ் இஸ் கிங்’ என்ற நேரடி நிகழ்ச்சி ஆல்பத்தில் பாடியதைக் கேளுங்கள். ஒவ்வொரு வரியும் முடிந்ததும் குரல் விலகிக்கொண்டு கிட்டாருக்கு வழிவிடுகிறது. கிட்டார் பதில் சொன்ன பிறகே அடுத்த வரி. மூன்றாவதாக ‘மில்க் கவ் ப்ளூஸ்’ ஆல்பத்துக்கு வாருங்கள். அதில் நெல்சனும் கிங்கும் சேர்ந்து அதே பாடலைப் பாடுகிறார்கள். கன்ட்ரி இல்லை என்று ஒதுக்கப்பட்ட பாடல், ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் கழித்து, எழுதியவருடனும் ப்ளூஸின் பேராசானுடனும் ஒரே அறையில் நிற்கிறது.

அந்த மூன்றாம் பதிவில் நெல்சன் வரியைத் தொடங்கும் இடத்தைக் கவனியுங்கள். தட்டு விழுந்த பிறகே அவர் வாயைத் திறக்கிறார். வரியின் நடுவே சொற்களை நெருக்கிப் பேசுவதுபோல் சொல்லிவிட்டு, முடிவில் தாளத்தோடு வந்து சேர்கிறார். இந்தப் பின்தங்கல் அவருடைய இளமைப் பாடல்களிலும் இருந்ததுதான். கன்ட்ரி இசைத் தொழிலின் மையமான நாஷ்வில் நகரின் அன்றைய தயாரிப்பாளர்கள் அதன்மேல் வயலின்களையும் பின்னணிக் குரல்களையும் போர்த்தியிருந்தார்கள். ப்ளூஸ் குழு அந்தப் போர்வையை நீக்கியதும் அவருடைய பழக்கமே பாணியாகத் தெரிகிறது. வயதான குரலுக்கு ப்ளூஸ் பொருந்துவதன் காரணமும் இங்கே உண்டு. மேல்ஸ்தாயி சுருங்கி, நீட்டிப் பிடிக்கும் மூச்சு குறைந்த நிலையில், நீண்ட மெட்டுகளைக் கேட்கும் பாடல்கள் கடினமாகும். சிறிய எல்லைக்குள் நின்று, வரிகளுக்கிடையே இளைப்பாற இடம் தரும் ப்ளூஸ் அந்தக் குரலின் கரகரப்பையே மூலதனமாக்கிக்கொள்கிறது.

ஹாங்க் வில்லியம்ஸ் ஜூனியரின் ஆல்பத்தை வேறு வகையில் அணுக வேண்டும். ப்ளாக் கீஸ் என்ற ராக் குழுவின் டேன் ஆவர்பாக் தயாரித்த அந்த ஆல்பம் மூன்றே நாட்களில், எல்லோரும் ஒன்றாக அமர்ந்து வாசிக்க, பதிவானது. அதில் ஸ்லைடு வாசிக்கும் கென்னி பிரவுன், ப்ளூஸ் பாடகர் ஆர்.எல். பர்ன்சைடுக்குப் பல ஆண்டுகள் பக்கபலமாக இருந்தவர். ட்ரம்ஸ் வாசிக்கும் கின்னி கிம்ப்ரோ, ப்ளூஸ் பாடகர் ஜூனியர் கிம்ப்ரோவின் மகன். பாஸ் எரிக் டீட்டன். மூவருமே வட மிசிசிப்பியின் மலைநாட்டு ப்ளூஸ் மரபில் ஊறியவர்கள். அந்த மரபில் நாம் எண்ணிப் பழகிய பன்னிரண்டு பார்கள் பயன்படாத பாடல்கள் பல உண்டு. கார்டு ஏறக்குறைய மாறுவதே இல்லை, ஒரே மீட்டல் சுழன்று சுழன்று வரும், ட்ரம்ஸ் அதை இறுக்கிக்கொண்டே போகும். ஆகவே பர்ன்சைடின் ‘ஜார்ஜியா விமன்’ பாடல் வரும்போது எண்ணுவதை விட்டுவிட்டு, சுழற்சி எங்கே கனக்கிறது, எங்கே இளகுகிறது என்பதை மட்டும் பின்தொடருங்கள். ஹாங்க் ஜூனியரின் குரல் இங்கே குழுவுக்கு எஜமானாக இல்லாமல், குழுவின் ஓட்டத்தில் கலந்துகொள்கிறது. அரங்கங்களை அதிரவைத்துப் பழகிய ஒருவர் அப்படிக் கலப்பது எளிதன்று. அதனாலேயே இந்த ஆல்பத்தை நான் உயர்வாக மதிக்கிறேன். அவருக்கு இது முதல் திருப்பமும் அன்று: தந்தையின் பாடல்களைப் பாடும் பிள்ளையாக வளர்க்கப்பட்டவர், 1975-இல் அலபாமாவின் மஸல் ஷோல்ஸில் பதிவான ‘ஹாங்க் வில்லியம்ஸ் ஜூனியர் அண்டு ஃப்ரெண்ட்ஸ்’ மூலம் தெற்கத்திய ராக் பக்கம் ஏற்கனவே சாய்ந்திருந்தார். அந்த ஆல்பத்தையும் அருகில் வைத்துக் கேட்டால் தொடர்ச்சி விளங்கும்.

ஸ்டீவ் எர்லின் ‘டெர்ராப்ளேன்’ பெரும்பாலும் அவரே எழுதிய பாடல்களால் ஆனது என்பதால், அங்கே எழுத்தைக் கவனிப்பது பயன் தரும். ப்ளூஸ் பாடகர் ராபர்ட் ஜான்சன் 1936-இல் பதிவுசெய்த ‘டெர்ராப்ளேன் ப்ளூஸ்’ பாடலிலிருந்தும், அதற்குப் பெயர் தந்த ஹட்சன் நிறுவனத்தின் காரிலிருந்தும் ஆல்பத்தின் பெயர் வருகிறது. கதை சொல்லும் பாடல்களில் தேர்ந்த எர்ல், மூன்று வரிகளுக்குள் சொல்லி முடிக்க வேண்டிய கட்டாயத்துக்குத் தம்மை எப்படி உட்படுத்திக்கொள்கிறார் என்பதைப் பாருங்கள். சில இடங்களில் அவருக்குள் இருக்கும் கதைசொல்லி வென்றுவிடுகிறார் என்பது என் எண்ணம். எலெனார் விட்மோரின் ஃபிடில் இருப்பதால் கன்ட்ரியின் மணம் முழுதும் விலகுவதில்லை. அதைக் குறையாகக் கொள்ளத் தேவையில்லை.

எந்த ஆல்பமானாலும் உறையிலுள்ள விவரங்களைப் படியுங்கள். பாடலை எழுதியவர் யார், குழுவில் யார் வாசித்தார்கள், ஒன்றாக அமர்ந்து பதிவுசெய்தார்களா, தனித்தனியாகப் பதிந்து ஒட்டினார்களா என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. ப்ளூஸ் ஒரு கறுப்பின மரபு. எழுதியவர்களின் பெயர் உரிய இடத்தில் இருப்பதும், அம்மரபின் கலைஞர்கள் குழுவுக்குள் இருப்பதும் நேர்மையோடு நேரடியாகத் தொடர்புடைய விஷயங்கள்.

ஒலி விஷயத்தில் ஒரு சிறு குறிப்பு: கைப்பேசியின் சிறிய ஒலிபெருக்கியில் பாஸ் கேட்காது, பாஸ் கேட்காவிட்டால் மேலே சொன்ன தாளச் சோதனை நடக்காது. சுமாரான ஹெட்ஃபோனே போதும்.

இவ்வளவும் கேட்டு முடித்த பின், இந்த ஆல்பங்களில் மறுபடி பாடப்பட்ட பழைய ப்ளூஸ் பாடல்களின் மூலப் பதிவுகளுக்குச் செல்லுங்கள். கோகோமோ அர்னால்டு 1934-இல் பாடிய ‘மில்க் கவ் ப்ளூஸ்’, லைட்னின் ஹாப்கின்ஸின் ‘ஷார்ட் ஹேர்டு உமன்’, ஜிம்மி ரீடின் ‘டேக் அவுட் சம் இன்ஷூரன்ஸ்’ ஆகிய மூன்றில் தொடங்கலாம். பிறகு இன்னும் ஒரு கன்ட்ரி பாடகர் காத்திருக்கிறார்: 1973-இல் ‘பிஹைண்ட் க்ளோஸ்டு டோர்ஸ்’ பாடி நாடெங்கும் புகழடைந்த சார்லி ரிச். ராக்கின் இரைச்சல் இல்லாமல், பியானோவும் ஜாஸ் சாயலுமாக ப்ளூஸுக்குத் திரும்பிய அவருடைய ‘பிக்சர்ஸ் அண்டு பெயின்டிங்ஸ்’ 1992-இல் வெளிவந்தது. நெல்சனுக்கும் ஜூனியருக்கும் பயன்படுத்திய அதே முறையில், பாஸிலிருந்து தொடங்கி அதையும் கேளுங்கள்.