ரேஞ்ச் ரோவர் பாடியை டிஸ்கவரி சேசிஸில் ஏற்றுவது எப்படி

முதல் தலைமுறை ரேஞ்ச் ரோவரும் முதல் தலைமுறை டிஸ்கவரியும் பார்வைக்கு வேறு வேறு வண்டிகள். கீழே படுத்துப் பார்த்தால் உடன்பிறப்புகள் என்று தெரியும். 1970இல் வந்த ரேஞ்ச் ரோவரின் முன் பின் அச்சுகளுக்கு இடையே 100 அங்குலம், அதாவது 2540 மில்லிமீட்டர். 1989இல் டிஸ்கவரி வெளிவந்தபோது லேண்ட் ரோவர் நிறுவனம் அதே அடித்தளத்தைத்தான் அதற்கும் எடுத்துக்கொண்டது. சுருள் ஸ்பிரிங், திட அச்சு, எப்போதும் நான்கு சக்கரங்களுக்கும் போகும் இழுவிசை, எல்லாமே பொது. அதனால்தான் ஒன்றின் பாடியை மற்றொன்றின் சேசிஸில், அதாவது அச்சுகளும் எஞ்சினும் பூட்டியிருக்கும் அடிச்சட்டத்தில், வைப்பது நடைமுறையில் கைகூடுகிறது.

இங்கிலாந்தின் யார்க்ஷயரில் ஒரு சிறிய பட்டறையில் பழைய லேண்ட் ரோவர்களைச் சீர்செய்வது என் தொழில். இங்கே குளிர்காலம் முழுவதும் சாலையில் உப்பைக் கொட்டுகிறார்கள். அந்த உப்பு சேசிஸின் உள்பக்கத்தில் தங்கி, வெளியே பெயிண்ட் பளபளக்கும்போதே உள்ளிருந்து அரித்துவிடும். சேசிஸ் போன நல்ல ரேஞ்ச் ரோவர்களும், பாடி முழுக்க உதிர்ந்து சேசிஸ் மட்டும் உறுதியாக நிற்கும் டிஸ்கவரிகளும் ஒரே முற்றத்தில் கிடப்பதைப் பார்ப்பது இங்கே சாதாரணம். இரண்டையும் சேர்த்து ஒரு நல்ல வண்டியைக் காப்பாற்றலாம் என்று நான் உறுதியாக நம்புகிறேன். கீழே சொல்லும் முறை, 1987ஆம் ஆண்டின் நான்கு கதவு ரேஞ்ச் ரோவர் பாடியை, 1995ஆம் ஆண்டின் 300 டிடிஐ டீசல் எஞ்சினும் ஐந்து கியரும் உள்ள டிஸ்கவரி சேசிஸில் ஏற்றிய வேலையை வைத்து எழுதியது.

எல்லாவற்றுக்கும் முன் ஒரு விதியை மனதில் நிறுத்துங்கள். பொருந்தாத இடத்தில் பாடியை மாற்றுங்கள், சேசிஸில் கை வைக்காதீர்கள். சேசிஸை வெட்டுவதும், அதில் புதிய தாங்கிகளை வெல்டிங் செய்வதும் எளிதாகத் தோன்றும். ஆனால் பிரிட்டனில் வண்டியின் அடையாளம் சேசிஸோடுதான் போகிறது. சுவான்சியில் உள்ள வாகனப் பதிவு நிறுவனமான டி.வி.எல்.ஏ. இதற்கு ஒரு புள்ளிக் கணக்கை வைத்து நடத்திவந்தது. மாற்றப்படாத அசல் சேசிஸுக்கு 5, சஸ்பென்ஷன், அச்சுகள், டிரான்ஸ்மிஷன், ஸ்டீயரிங் ஆகியவற்றுக்கு தலா 2, எஞ்சினுக்கு 1. பழைய பதிவு எண்ணைத் தக்கவைக்க 8 தேவைப்பட்டது. அந்தக் கணக்கில் டிஸ்கவரியின் அடிப்பாகத்தை அப்படியே பயன்படுத்தினால் 14க்கு 14 கிடைக்கும். சேசிஸை வெட்டினால் அந்த 5 போய்விடும். வண்டி தனி அங்கீகாரச் சோதனைக்கும் புதிய எண்ணுக்கும் தள்ளப்படலாம். வேலையைத் தொடங்கும் முன்பே திட்டத்தை அவர்களுக்கு எழுதி, இன்றைய விதிப்படி எழுத்தில் பதில் பெறுங்கள்.

இதன் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். சேசிஸ் டிஸ்கவரியுடையது என்பதால் வண்டியும் பதிவேட்டில் 1995 டிஸ்கவரிதான். பாடி பழையது என்பதைக் காட்டி, 40 வயது கடந்த வண்டிகளுக்கான வரிவிலக்கைக் கேட்பது மோசடி. சேசிஸ் எண், சேசிஸில் நீளவாக்கில் ஓடும் இரண்டு தண்டுகளில் வலப்பக்கத் தண்டில், முன் ஸ்பிரிங் தாங்கிக்கு முன்னால் பொறிக்கப்பட்டிருக்கும். டிஸ்கவரி என்றால் அது எஸ்.ஏ.எல்.எல்.ஜே. என்று தொடங்கும், பழைய ரேஞ்ச் ரோவர் என்றால் எஸ்.ஏ.எல்.எல்.எச்.. பாடியில் ஒட்டியிருக்கும் பழைய எண் தகட்டை இதோடு குழப்பாதீர்கள். வாங்குபவருக்கு எதையும் மறைக்காதீர்கள். இந்தியாவில் இருந்து இதைப் படிப்பவர்களுக்கு: மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளரின் விவரக்குறிப்புக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. அங்கே இந்த வேலையைச் சாலை வண்டியில் செய்யாதீர்கள்.

டிஸ்கவரியை வாங்கப் போகும்போது பாடியைப் பார்க்கவே வேண்டாம். சுத்தியலோடு கீழே படுங்கள். பின் குறுக்குச் சட்டம், டீசல் டேங்குக்கு மேலே ஓடும் தண்டுகள், ஸ்பிரிங் தாங்கிகள், முன் அச்சுக் கைகள் பூட்டும் இடங்கள், எல்லாவற்றையும் தட்டுங்கள். நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும். அரித்த இடம் மந்தமாகச் சத்தமிடும். பின் குறுக்குச் சட்டம் மட்டும் போயிருந்தால் அந்தச் சேசிஸை எடுத்துக்கொள்ளலாம், அதற்கு மாற்றுத் துண்டு கிடைக்கிறது. ஸ்பிரிங் தாங்கி போயிருந்தால் விட்டுவிடுங்கள். ஆட்டோமேட்டிக் கியர் உள்ளவற்றில் மின்னணுக் கட்டுப்பாடு கொண்ட டீசல் பம்ப் இருக்கக்கூடும். கை கியர் வண்டியே வயரிங்கில் உங்களுக்கு நிம்மதி தரும்.

இப்போது பாடி. இந்த வேலையில் பலர் அவசரப்படும் இடம் இதுதான், அவசரமே கூடாத இடமும் இதுதான். ரேஞ்ச் ரோவரின் வெளித்தகடுகளில் பெரும்பகுதி அலுமினியம், அவற்றைத் தாங்கும் உள்கூடு எஃகு. அலுமினியம் நன்றாக இருப்பதைப் பார்த்து ஏமாறாதீர்கள். கதவுகளுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் அடிப்பெட்டி, கால் வைக்கும் தரை, முன் உள் மட்கார்டுகள், பின் சக்கரத்துக்கு மேலான பகுதி, பின்தரையின் குறுக்குச் சட்டம் ஆகியவைதான் அரிக்கும். இவை அரித்த நிலையில் பாடியைத் தூக்கினால், இதுவரை அதை நேராகப் பிடித்திருந்தது பழைய சேசிஸ்தான் என்பது அந்த நொடியில் புரியும். பாடி நடுவில் தொய்ந்துவிடும். அதன்பின் கதவுகளை மூட வைப்பது பெரும் துன்பம்.

ஆகவே துருவை வெட்டிப் புதுத் தகடு வைக்கும் வேலை முழுவதையும் பாடி பழைய சேசிஸில் பூட்டியிருக்கும்போதே முடியுங்கள். கதவுகள் தொங்கியபடி இருக்கட்டும். ஒவ்வொரு கதவைச் சுற்றியும் உள்ள இடைவெளியை அளந்து, மேலே, நடுவே, கீழே என்று தனித்தனியாக எழுதி வையுங்கள். ஒரு பக்கத்து அடிப்பெட்டியை முழுவதும் மாற்றி முடித்துவிட்டு, மீண்டும் அளந்து பார்த்துவிட்டு, அடுத்த பக்கம் போங்கள். இரு பக்கத்தையும் ஒரே நேரத்தில் வெட்டித் திறந்துபோடுவதை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன். வெல்டிங்குக்கு முன் பேட்டரியைக் கழற்றிவிடுங்கள், பெட்ரோல் டேங்கை வெளியே எடுத்துவிடுங்கள், தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

அது முடிந்ததும் கதவுகளைக் கழற்றி, ஒவ்வொரு கதவு வாசலிலும் குறுக்கே ஒரு எஃகுக் குழாயை வைத்து வெல்டிங் செய்யுங்கள். இடமிருந்து வலமாகவும் ஒன்று. இவை தற்காலிகம்தான், புதிய சேசிஸில் பாடி பூட்டிய பிறகே அறுத்தெடுக்க வேண்டும்.

கழற்ற வேண்டியவற்றை இரண்டு வண்டிகளிலும் ஒரே வரிசையில் செய்தால் எதுவும் விடுபடாது. ஸ்டீயரிங் தண்டின் கீழ் மூட்டு, பிரேக் குழாய்கள், கிளட்ச் குழாய், ஆக்ஸிலரேட்டர் கேபிள், ஹீட்டர் குழாய்கள், கியர் தண்டுகள், ஸ்பீடோமீட்டர் இணைப்பு, எரிபொருள் நிரப்பும் குழாயும் அதன் காற்றுக் குழாயும், வயர் கட்டுகள், எர்த் பட்டைகள். ஹேண்ட் பிரேக் கேபிளை மறக்காதீர்கள். லேண்ட் ரோவரில் அது பின்சக்கரத்துக்குப் போவதில்லை, இழுவிசையை முன் பின் அச்சுகளுக்குப் பிரித்தனுப்பும் டிரான்ஸ்பர் பாக்ஸின் பின்னால் உள்ள டிரம்மைப் பிடிக்கிறது. ஏர் கண்டிஷனர் இருந்தால் வாயுவை உரிமம் பெற்றவரிடம் கொடுத்து எடுக்கச் சொல்லுங்கள். பாடி போல்ட்டுகள் இறுகிப் போயிருக்கும். சில நாள் முன்பிருந்தே துரு நீக்கும் எண்ணெயை ஊற்றி வாருங்கள். உள்ளே நட் சேர்ந்து சுழன்றால், தரையில் சிறு சதுரம் வெட்டித் திறந்து பிடித்துக்கொண்டு, பிறகு அதே துண்டை வைத்து அடைத்துவிடலாம்.

இரு தூண் லிஃப்ட் இருந்தால், அடிப்பெட்டிகளுக்குக் கீழே இரண்டு கனமான மரச் சட்டங்களைக் குறுக்கே கொடுத்துத் தூக்குங்கள். விரல் அகலம் எழுந்ததும் நிறுத்தி, சுற்றி வந்து, எங்காவது ஒரு வயரோ குழாயோ இழுபடுகிறதா என்று பாருங்கள். பிறகே முழுவதும் தூக்கி, சேசிஸை வெளியே உருட்டுங்கள். மரத்தாங்கிகளில் பாடி உட்காரும்வரை யாரும் அடியில் போகக்கூடாது.

பாடி இல்லாமல் நிற்கும் டிஸ்கவரி சேசிஸ் ஒரு அருமையான வாய்ப்பு. பாடி இருக்கும்போது கை நுழையாத இடங்கள் எல்லாம் இப்போது இடுப்பு உயரத்தில் இருக்கின்றன. பின் அச்சுக்குப் போகும் பிரேக் குழாய்களைச் செம்பு நிக்கல் குழாயாக மாற்றுங்கள். 300 டிடிஐ எஞ்சினின் தொடக்கக் கால மாதிரிகளில் டைமிங் பெல்ட் ஓரம் தேயும் குறை உண்டு. பெல்ட்டையும், தேவையென்றால் திருத்தப்பட்ட உதிரிகளையும் இப்போதே போடுங்கள். கிளட்சை விடுவிக்கும் கவையான கிளட்ச் போர்க், அது தாங்கித் திரும்பும் முனை உட்காரும் இடத்தில் ஓட்டை விழுந்து முறியும். இது இந்த வண்டிகளின் பெயர்பெற்ற நோய். வலுவூட்டிய போர்க் விலை குறைவு, பின்னால் கியர் பாக்ஸை இறக்கும் உழைப்போ பெரிது.

சேசிஸை முழுவதும் பிரித்து மணலடித்து, உருகிய துத்தநாகத்தில் முக்கிப் பூச்சிட முடிந்தால் அதைவிட நல்ல முதலீடு இல்லை. உருகிய துத்தநாகம் ஏறத்தாழ 450 டிகிரி செல்சியஸ். மூடிய பெட்டிப் பகுதிகளுக்குள் காற்றும் ஈரமும் சிக்கியிருந்தால் வெடிக்கும். ஆகவே வடிகால் துளைகள் போதுமா என்று பூச்சுக்காரரோடு சேர்ந்து பாருங்கள். சேசிஸ் எண்ணை முன்கூட்டியே படமெடுத்து வையுங்கள். பூச்சு முடிந்த இரும்பில் பின்னர் வெல்டிங் செய்தால் எழும் துத்தநாகப் புகை உடலுக்குக் கெடுதல். சேசிஸில் கை வைக்காதீர்கள் என்று நான் சொன்னதற்கு இது இன்னொரு காரணம்.

முதல் முறை பாடியை இறக்கும்போது போல்ட் எதுவும் போடாதீர்கள். பாடிக்கும் சேசிஸுக்கும் இடையே வரும் புதிய ரப்பர்களை மட்டும் வைத்து, மெதுவாக உட்காரவிட்டுப் பாருங்கள். முன்பகுதியும் நடுப்பகுதியும் பெரும்பாலும் சிரமம் தராது. சோதிக்க வேண்டியது பின்முனையை. டிஸ்கவரியின் பாடி பின்னால் வேறு வடிவம் கொண்டது, கடைசித் தாங்கிகள் ரேஞ்ச் ரோவர் தரைக்கு நேராக வராவிட்டால் வியப்படைய வேண்டாம். நான் 4 மில்லிமீட்டர் தகட்டில் சிறு கால்களைச் செய்து, ரேஞ்ச் ரோவரின் பின்தரைச் சட்டத்தில் வெல்டிங் செய்தேன். அவை டிஸ்கவரியின் தாங்கியில் போய் உட்காருகின்றன. முதலில் அட்டையில் வெட்டி வைத்துப் பாருங்கள், பிறகு இரும்பில். எல்லாப் போல்ட்டுகளையும் தளர்வாகப் போட்டு, கதவுகளை மாட்டி, எழுதி வைத்த இடைவெளிகளோடு ஒப்பிடுங்கள். வித்தியாசம் இருந்தால் தாங்கியின் கீழ் மெல்லிய தகடுகளைச் சேர்த்துச் சரிசெய்து, அதன்பின்தான் இறுக்க வேண்டும்.

பெடல், பிரேக் விஷயத்தில் கலப்படம் வேண்டாம். 1987 ரேஞ்ச் ரோவரின் முன் பிரேக்குகளுக்கு இரட்டைக் குழாய் அமைப்பு. டிஸ்கவரியில் அப்படி இல்லை. டிஸ்கவரியின் பெடல் பெட்டி, மிதிக்கும் விசையைப் பெருக்கும் சர்வோ, பிரேக் எண்ணெயைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர் மூன்றையும் ஒரு தொகுதியாக எடுத்துப் பொருத்துங்கள். ஸ்டீயரிங் தண்டில் பல்வரிசை பொருந்தவில்லை என்றால் பொருந்தும் தண்டையே தேடி வாங்குங்கள். அதை வெட்டி ஒட்டுவதை யார் சொன்னாலும் கேட்காதீர்கள். உயிர் தொங்குவது அதில்தான்.

ரேஞ்ச் ரோவரையே 1994 முதல் 1996 வரை 300 டிடிஐ எஞ்சினோடு தொழிற்சாலையில் தயாரித்தார்கள். ஆகவே ரேடியேட்டர் தாங்கி, இன்டர்கூலர் குழாய்கள் போன்றவற்றில் சிக்கல் வந்தால் அந்த வண்டியின் உதிரிப்பாகப் பட்டியலைப் பாருங்கள். பெரும்பாலும் விடை அங்கே இருக்கும்.

வயரிங்கைப் பார்த்து அஞ்ச வேண்டாம். இந்த டீசல் எஞ்சினின் பம்ப் இயந்திர வகை. ஓடுவதற்கு அதற்குத் தேவை, எரிபொருளை நிறுத்தும் வால்வுக்கு ஒரே ஒரு வயர். அதோடு ஸ்டார்ட்டர், ஆல்டர்னேட்டர், குளிர்தொடக்க ஹீட்டர் பிளக்குகள், ஆயில் அழுத்தம், வெப்பநிலை ஆகியவற்றுக்கான இணைப்புகள். எஞ்சின் வயர் கட்டை டிஸ்கவரியிலிருந்தும், விளக்குகளுக்கும் டேஷ்போர்டுக்கும் உரியதை ரேஞ்ச் ரோவரிலிருந்தும் எடுத்து, இரண்டும் சந்திக்கும் இடத்தில் ஒழுங்கான இணைப்புப் பெட்டி ஒன்றை வையுங்கள். பிந்தைய வண்டிகளில் திருட்டுத் தடுப்பு அமைப்பு அந்த நிறுத்து வால்வோடு பிணைந்திருக்கும். சாவியையும் அதன் பெட்டியையும் சேர்த்தே வாங்குங்கள். எஞ்சின் சுழலும் வேகத்தைக் காட்டும் டேக்கோமீட்டர், பெட்ரோல் எஞ்சினில் இக்னிஷன் காயிலிலிருந்து சைகை பெறும். டீசலில் அது ஆல்டர்னேட்டரிலிருந்து வர வேண்டும், எனவே டீசலுக்கான மீட்டர் தேவை. ரப்பர்கள் பாடியைச் சேசிஸிலிருந்து மின்சாரரீதியாகப் பிரித்துவிடுகின்றன என்பதால், எஞ்சின், சேசிஸ், பாடி மூன்றுக்கும் இடையே தடித்த எர்த் பட்டைகள் கட்டாயம் வேண்டும். எரிபொருள் மூடியில் டீசல் என்று பெரிதாக எழுதி ஒட்டுங்கள்.

சாலைக்கு வருமுன் காப்பீட்டு நிறுவனத்துக்கு மாற்றத்தை முழுவதும் தெரிவியுங்கள், பதிவேட்டில் பாடி விவரத்தைத் திருத்தச் சொல்லுங்கள், வண்டி சாலைக்குத் தகுதியா என்று பார்க்கும் பிரிட்டனின் எம்.ஓ.டி. சோதனைக்குக் கொண்டுபோங்கள். சஸ்பென்ஷன் புஷ்களின் போல்ட்டுகளை வண்டி தன் முழு எடையோடு சக்கரத்தில் நிற்கும்போதுதான் கடைசியாக இறுக்க வேண்டும். தூக்கி வைத்த நிலையில் இறுக்கினால் ரப்பர் முறுக்கியபடி நின்று சீக்கிரம் கிழியும். ஸ்பீடோமீட்டரை ஜி.பி.எஸ்ஸோடு ஒப்பிட்டுப் பாருங்கள். முதல் சில நூறு மைல்களில் புதிய பாடி ரப்பர்கள் அமுங்கும். அப்போது ஒவ்வொரு பாடி போல்ட்டையும் மறுபடி இறுக்கி, கதவு இடைவெளிகளை இன்னொரு முறை அளந்து பாருங்கள்.