சின்ன வயதில் பார்த்த .22 ரிவால்வர்: எந்த மாடல் என்று கண்டுபிடிப்பது எப்படி?

"கருப்பாக, நல்ல கனமாக இருந்தது" என்றுதான் பலரும் ஆரம்பிப்பார்கள். அது உதவாது. சின்னக் கைக்கு எல்லாத் துப்பாக்கியும் கனம்தான். அதை எப்படித் திறந்தார்கள், எப்படித் தோட்டா போட்டார்கள் என்று யோசியுங்கள்.

முதலில் காலித் தோட்டாவை நினைவுபடுத்துங்கள். அடிப்பக்கத்தின் ஓரத்தில் பள்ளம் விழுந்திருந்தால் ரிம்ஃபயர். அதில் பற்றவைக்கும் மருந்து விளிம்புக்குள்ளேயே இருக்கும். நடுவில் பள்ளம் என்றால் சென்டர்ஃபயர், வேறு குடும்பம். பென்சிலைவிட ஒல்லி என்றால் அநேகமாக .22 (அதாவது அங்குலத்தில் குழலின் விட்டம்). பழைய காலத்தில் .32, .41 ரிம்ஃபயரும் உண்டு.

அடுத்து, திறக்கும் விதம். பாதி விடை இதிலேயே கிடைத்துவிடும். குழலும் சிலிண்டரும் (தோட்டாக்கள் இருக்கும், சுழலும் உருளை) சேர்ந்து முன்பக்கம் கீழே மடிந்து, காலிக்கூடுகள் தானாக எழும்பி வந்தனவா? ஹாரிங்டன் அண்ட் ரிச்சர்ட்சன் 999 அல்லது ஐவர் ஜான்சனைத் தேடுங்கள். பக்கவாட்டில் சின்னக் கதவைத் திறந்து ஒவ்வொன்றாகப் போட்டார்களா? 1953-இல் வந்த ரூகர் சிங்கிள்-சிக்ஸாக இருக்கலாம். சிலிண்டர் பக்கவாட்டில் வெளியே வந்தால் ஹை ஸ்டாண்டர்டு சென்டினல், ஸ்மித் அண்ட் வெஸன் கே-22 என்று பட்டியல் நீளும். இங்கே ஒரு பொறி: ஹை ஸ்டாண்டர்டு டபுள்-நைன் பார்க்க அச்சு அசல் சின்னக் கதவு வைத்த கவ்பாய் துப்பாக்கி போல இருக்கும், ஆனால் அதன் சிலிண்டரும் பக்கவாட்டில்தான் வரும். குழல் மேல்நோக்கி மடிந்து, ட்ரிகருக்குக் காப்பு வளையமும் இல்லையென்றால், 1857-இல் வந்த ஸ்மித் அண்ட் வெஸன் மாடல் 1-ஐயோ அதன் நகல்களையோ பாருங்கள்.

சரி, சிலிண்டரில் எத்தனை துளைகள்? மாடல் 1-க்கு ஏழு, சிங்கிள்-சிக்ஸுக்கு ஆறு. 999, சென்டினல், டபுள்-நைன் மூன்றுக்கும் ஒன்பது.

கைப்பிடியில் ஆந்தைத் தலை இருந்தால் ஐவர் ஜான்சன். குழலில் ஜே.சி. ஹிக்கின்ஸ் என்று படித்த ஞாபகமா? அது அமெரிக்காவின் சியர்ஸ் கடைகள் தாங்கள் விற்ற பொருள்களுக்கு வைத்த பெயர். அதன் மாடல் 88-ஐச் செய்தது ஹை ஸ்டாண்டர்டு. இப்படிக் கடைப் பெயர் போட்டவைதான் தேடுபவரை அதிகம் சுற்ற வைக்கும்.

அப்புறம் பழைய விற்பனைப் பட்டியல்களின் படங்களோடு ஒப்பிடுங்கள்.

துப்பாக்கியே கைக்கு வந்தால், குழலை ஆளில்லாத பக்கம் திருப்பி, எல்லாத் துளையும் காலியா என்று பாருங்கள். காலி என்றாலும் ட்ரிகரை இழுக்காதீர்கள். பழைய ரிம்ஃபயரில் சுத்தியல் முனை துளையின் ஓரத்தில் இடித்துப் பள்ளமாக்கிவிடும்.